கடல் கடந்த செப்பிடுவித்தை

கொங்கு நாட்டிற் பிறந்து வளர்ந்தோருள், சந்தைக் கூட்டத்தினிடையே ஒருமுறையேனும் செப்பிடுவித்தை காண நின்றிராதவர் மிகச் சிலரே. பொள்ளாச்சிச் சந்தையிலும், அந்தியூர்க் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவிலும், கோவை இராச வீதியில் தேர் நிற்கும் திடலிலும், பழந்துணியொன்றை விரித்து உடுக்கையை முழக்கிக் கூட்டம் சேர்ப்பவனை நாம் இளமையிற் கண்டிருக்கிறோம். கவிழ்த்து வைத்த மூன்று செப்புகளுள் ஒன்றின்கீழ் இட்ட உருண்டை மற்றொன்றின்கீழ்த் தோன்றும். கடைசியில் முன்வரிசையிற் குந்தியிருக்கும் பையனுடைய காதினின்றும் வெளிப்படும். செப்பினுள் இட்டு மறைத்துக் காட்டும் இவ்வாட்டமே இக்கலை முழுமைக்கும் செப்பிடுவித்தை என்னும் பெயரை நல்கிற்று.

அவ்விரிப்பின் ஓரத்தில் மூடிய கூடையொன்றும் இருக்கும். அதனுள் இருக்கும் பாம்புக்கும், முளையிற் கட்டிய கீரிக்கும் சண்டை நடக்கப் போகிறதென்று வித்தைக்காரன் பலகாற் கூறுவான். சண்டை நடப்பதில்லை. அதற்கு முன்னரே தாயத்துகள் வெளிவந்துவிடும். வாங்காமல் நழுவுவோன் வீடு சேருமுன் இரத்தங் கக்குவான் என்னும் அச்சுறுத்தலும் உடன் வரும். மிட்டாய்க்கென்று வைத்திருந்த காசைக் கொடுத்துத் தாயத்து வாங்கி, நடுங்கிக்கொண்டே வீடு திரும்பிய சிறுவருள் நாமும் இருந்தோம்.

ஒரே விரிப்பில், ஒரே கையினால், ஒரே நாழிகையில் இரண்டு தொழில்கள் நடந்தன. முன்னது வித்தை; பின்னது வஞ்சனை. இரண்டிலும் நாம் ஏமாந்தோம் என்பது உண்மை. எனின், இரண்டிற்கும் உள்ள வேறுபாடு யாது? இவ்வினாவை ஆராயப் புகுந்தபொழுது, அமெரிக்க நாட்டின் பழைய பொழுதுபோக்கு வரலாறும், அதனுள் மறைந்து கிடக்கும் நம் நாட்டார் சிலரது கதையும் எமக்குப் பெரிதும் உதவின. அவற்றை மாணவ நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்கக் குடியேற்றங்கள் ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த காலத்தில், ஆங்கே இத்தகைய காட்சிகளுக்கு நல்வரவு இருந்ததில்லை. சமயப்பற்று மிக்க வடபகுதி மக்கள் வித்தைக்காரனைச் சோம்பேறியென இகழ்ந்தனர். சூனியக்காரனுக்கு உறவினனோ என ஐயுற்றனர். 1692-ஆம் ஆண்டில் மாசசூசெட்சு மாகாணத்துச் சேலம் என்னும் ஊரில் எழுந்த சூனியப் பழியால் பத்தொன்பதின்மர் தூக்கிலிடப்பட்டனர். (நம் சேலத்திற்கும் அவ்வூருக்கும் பெயரொற்றுமையன்றி வேறு தொடர்பில்லை.) 1773-இல் கனெக்டிகட் மாகாணத்தார் ஊர்சுற்றும் வித்தைக்காரரை அடக்கச் சட்டமே இயற்றினர். அடுத்த ஆண்டு கூடிய காங்கிரசு மகாசபையும் நாடகம் முதலிய காட்சிகளைக் கைவிடுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது.

விடுதலைப் போர் முடிந்த பின்னர்க் கட்டு மெல்லத் தளர்ந்தது. வித்தைக்காரர் குதிரை வண்டியில் ஊர் ஊராகச் சென்று, சத்திரங்களின் கூடத்திலும் நடன மண்டபத்திலும் இரவுக் காட்சி நடத்தினர். அவர்கள் காட்டியவற்றுள் மக்களை மிகுதியும் கலக்கியது குரல் வித்தையாகும். ஒருவர் வாய் அசையாதிருக்க, மூலையிலுள்ள பெட்டி பேசும். கையிலுள்ள பொம்மை மறுமொழி கூறும். புகைபோக்கியினுள் ஒரு கிழவன் இருமுவான்.

இவ்வித்தை மிகப் பழமையானது. சவுல் அரசன் இரவில் மாறுவேடம் பூண்டு எந்தோர் ஊருக்குச் சென்று குறி கேட்ட வரலாற்றை முதலாம் சாமுவேல் ஆகமத்தில் நாம் படித்திருக்கிறோம். அப்பெண்ணைப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு, வயிற்றினின்று பேசுவோள் எனப் பொருள்படும் சொல்லாற் குறிக்கின்றது. குரல் வித்தைக்கு மேனாட்டார் இட்ட இலத்தீன் வழிப் பெயருக்கும் வயிற்றுப் பேச்சு என்பதே பொருள். அப்போஸ்தலர் நடபடிகள் பதினாறாம் அதிகாரத்தில் வரும் பிலிப்பிப் பட்டணத்து அடிமைப் பெண்ணும் குறி சொல்லித் தன் எசமானருக்குப் பொருள் ஈட்டியவள். பவுல் அவளை விடுவித்தபொழுது, எசமானர் அவள் நலம்பெற்றதை எண்ணி மகிழவில்லை. ஆதாயம் போயிற்றே என்று வெகுண்டனர். தாயத்துக் கடையின் வரவுசெலவுக் கணக்கு அன்றும் இன்றும் ஒன்றே.

உண்மையில் வயிற்றுக்கும் இக்குரலுக்கும் மற்றைப் பேச்சில் உள்ளதினும் மிகுந்த தொடர்பு இல்லை. 1772-இல் லா சப்பேல் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் இதனை ஆராய்ந்து நூலொன்று வெளியிட்டனர். வித்தை வல்லான் மூச்சைச் சிறிது சிறிதாக விடுகிறான். நாவைப் பின்னுக்கு இழுத்துத் தொண்டையை நெருக்குகிறான். குரல் தூரத்தினின்று வருவதுபோல மங்குகிறது. ஒலி எத்திசையிலிருந்து வருகிறதென்று துணிவதில் நம் செவி வல்லதன்று. அது கண்ணின் துணையை நாடுகிறது. பொம்மையின் வாய் அசைவதைக் கண்ட கண், குரலும் அங்கிருந்தே வருகிறதென்று தீர்ப்பளித்துவிடுகிறது. அத்தீர்ப்பைச் செவி ஏற்றுக்கொள்கிறது.

இதில் இடர் தருவன இதழாற் பிறக்கும் எழுத்துகளே. பகர மகரங்களுக்கு இரண்டு இதழும் சேர வேண்டும். வகரத்திற்கு மேற்பல்லும் கீழிதழும் நெருங்க வேண்டும். ஆதலின் குரல் வித்தைக்காரர் அவற்றை விலக்குவர், அல்லது நாவினால் ஒலிக்கும் வேறெழுத்தை விரைந்து சொல்லிக் கேட்போரை மயக்குவர். இதழ் குவியாமலும் ஒட்டாமலும் ஓதத்தக்க நிரோட்டகம் என்னும் செய்யுள்வகை நம் புலவர்க்கு நெடுநாளாகத் தெரிந்ததே. துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள் பதினேழாம் நூற்றாண்டில் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதியை இயற்றினர். பக்தியும் புலமையும் பற்றி எழுந்த அந்நூலைச் சந்தை வித்தையோடு ஒப்பிடுதல் தகாதெனச் சிலர் கருதலாம். எனினும், உதடசையாமற் பேசக் கற்கும் மாணவன் ஒருவனுக்கு அதனினும் சிறந்த பாடப்புத்தகம் கிடைத்தல் அரிது.

குரலின் இயல்பு அறியாதார்க்கு நேரக்கூடிய கேட்டைச் சார்லசு பிராக்டன் பிரௌன் என்னும் அமெரிக்கர் 1798-இல் வெளியிட்ட "வீலாந்து" என்னும் நாவலில் அச்சந்தரும் வகையிற் காட்டினர். தெய்வம் ஆணையிட்டதென்று ஒரு குரலை நம்பிய குடும்பத் தலைவன் தன் மனைவி மக்களைக் கொன்றுவிடுகிறான். அக்குடும்பத்தாரை முன்னரே பலகால் மயக்கி வந்தவன் குரல் வித்தை வல்லான் ஒருவன்.

இந்நாவல் வெளிவந்த சில ஆண்டுகளுக்குள், இரானி என்னும் ஸ்காட்லாந்து நாட்டார் அமெரிக்காவெங்கும் குரல் வித்தை காட்டித் திரிந்தனர். அவரிடம் உதவியாளராக இருந்து தொழில் பயின்றவர் இரிச்சர்டு பாட்டர். இவர் 1783-இல் மாசசூசெட்சில், அடிமையாக்கப்பட்ட ஆப்பிரிக்கத் தாயொருத்தியின் வயிற்றிற் பிறந்தவர். 1811-இல் பாஸ்டன் நகரில் தம் பெயராலேயே காட்சி தொடங்கி, ஏறத்தாழ இருபத்துநான்கு ஆண்டுகள் நாடெங்கும் சுற்றினர். குரல் வித்தையும் கைவித்தையும் பறவைகளின் ஒலியும் அவர் காட்சியில் இருந்தன. கறுப்பர் இலட்சக்கணக்கில் ஏலம் விடப்பட்ட நாட்டில், கறுப்பர் ஒருவருடைய மேடைக்கு வெள்ளையர் கட்டணம் கொடுத்து நுழைந்தனர். பலர் அவரை மேற்கிந்தியர் என்றும் கிழக்கிந்தியர் என்றும் எண்ணிக்கொண்டனராம். 1835-இல் அவர் மறைந்தபொழுது நியூ ஆம்சயர் மாகாணத்து ஆண்டோவரில் தம் சொந்த நிலத்திலேயே அடக்கஞ் செய்யப்பட்டனர். அவ்விடம் இன்றும் "பாட்டர் பிளேசு" என்றே வழங்குகின்றது.

பாட்டர் ஊர்சுற்றிய அதே ஆண்டுகளில் மெய்யான கிழக்கிந்தியரும் அமெரிக்கத் துறைமுகங்களில் இறங்கினர். 1813-இல் தென்னிந்தியாவினின்று கப்பலேறிய வித்தைக்காரர் குழுவொன்று இலண்டன் மாநகரின் பால்மால் தெருவில் காட்சி நடத்தி அந்நகரத்தையே வியக்கச் செய்தது. 1817-இல் நியூயார்க்கில் "செனா சம்மா" என்னும் கிழக்கிந்தியர் வாள் விழுங்கிக் காட்டியதற்கு விளம்பரத் தாள் சான்றாக உள்ளது. அவருடைய வாளை யாரோ திருடிச் சென்றமையால், அவ்வூர்க் கொல்லர் ஒருவர் செய்துகொடுத்த புதிய வாளை விழுங்குவார் என்று அத்தாள் அறிவிக்கின்றது. அன்னிய எழுத்தாற் சிதைந்த அப்பெயரை நம் செவியில் இட்டுப் பார்த்தால் சின்னச்சாமி என்றே ஒலிக்கின்றது. கொங்கு நாட்டில் சின்னச்சாமி இல்லாத ஊர் ஏது?

இவருள் பெரும்புகழ் எய்தியவர் "இராமோ சாமி" என்று மேனாட்டார் எழுதிய இராமசாமி ஆவர். இலண்டனில் பெயர்பெற்ற பின்னர் 1819-இல் அமெரிக்கா சென்று பாஸ்டன் முதலிய நகரங்களிற் காட்சி நடத்தினர். பித்தளைப் பந்துகள் நான்கினை ஒருங்கே எறிந்து ஏந்துதல், கால்விரல்களில் வளையங்களைச் சுழற்றுதல், வாயினுள்ளேயே மணிகளை நூலிற் கோத்தல், வாள் விழுங்குதல் ஆகியன அவர் வித்தைகள்.

ஆங்கிலக் கட்டுரையாளருட் சிறந்த வில்லியம் ஆசுலிட் 1821-இல் வெளியிட்ட நூலொன்றில் "இந்திய வித்தைக்காரர்" என்னும் கட்டுரை உண்டு. அது இராமசாமியைக் கண்டே எழுதப்பட்டதென்பர். நான்கு பந்துகள் ஒருகணமும் பிழையாது சுழல்வதைக் கண்ட அவர், தம் தொழிலை நினைந்து நாணினர். எழுத்தில் ஒரு சொல் பிழைத்தால் மூடி மறைக்கலாம்; பந்து பிழைத்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அத்துணைத் திருத்தமாகத் தாம் செய்யவல்லது யாதென அவர் தம்மையே வினவிக்கொண்டார். கைத்திறன் வேறு, உள்ளத்தின் பெருமை வேறு என்று பின்னர் அவர் பிரித்துக் கூறினாராயினும், அந்நாணம் நேர்மையானது. தேர்வு எழுதும் மாணாக்கரும் தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியரும் அதனைச் சற்று எண்ணிப்பார்த்தல் நலம்.

வாள் விழுங்குதலில் மறைப்பு ஏதும் இல்லை என்பது ஈண்டு அறியத்தக்கது. தலையை நன்கு பின்னே சாய்த்தால் வாயும் தொண்டையும் உணவுக்குழலும் ஒரே நேர்க்கோட்டில் அமையும். குமட்டலை அடக்கப் பன்னாட் பயிற்சி வேண்டும். 1868-இல் செருமனியின் பிரைபர்க்கு நகரில் அடோல்பு கூசுமால் என்னும் மருத்துவர், உயிருள்ள மனிதனின் இரைப்பையினுள் நோக்க விரும்பி, நேரான குழலொன்றை விழுங்குவிக்க வாள் விழுங்குவோன் ஒருவனையே தேடிக்கொண்டார். இன்று மருத்துவமனையில் எண்டாஸ்கோப்பி செய்துகொள்வோர், அந்த நாடோடியின் தொண்டைக்கும் சிறிது கடன்பட்டவரே.

இராமசாமி அளித்த மகிழ்ச்சிக்கு அவர் பெற்ற ஊதியம் யாது? இங்கிலாந்திலேயே மணம் புரிந்து வாழ்ந்து, 1850-இல் இலண்டனில் வறுமையில் இறந்தனர். அடக்கச் செலவுக்கும் பணமின்றி அவர் மனைவி பத்திரிகை வாயிலாகப் பொதுமக்களிடம் உதவி வேண்ட நேர்ந்தது.

அவருடைய காலத்திலேயே சென்னையில் சேசால் என்று ஆங்கிலேயரால் எழுதப்பட்ட முதியவர் ஒருவர், தரையில் உட்காராமல் ஆகாயத்தில் அமர்ந்து செபமாலை உருட்டிக் காட்டினர். ஒரு கை மட்டும், சிறு பலகை மேல் நட்ட கழியில் பொருத்திய தோற்சுருளின்மீது தங்கியிருந்தது. அச்சுருளினுள்ளும் சட்டைக் கையினுள்ளும் மறைந்து சென்ற இரும்புச் சட்டம் அவருடைய உடலைத் தாங்கியதென்று ஆராய்ந்தோர் கண்டனர். 1847-இல் பாரிசு நகரத்து இராபேர் ஊதேன் இதேபோன்றதொரு பொறியைக் கொண்டு தம் மகனை மேடையில் தொங்கவிட்டு, அக்காலத்துப் புதுமருந்தாகிய ஈதரின் ஆற்றலே அது என்று கூறிக் கைதட்டல் பெற்றார். பின்னர் ஆரி ஊதினி என்னும் அமெரிக்கர், ஊசிகளையும் நூலையும் தனித்தனியே விழுங்கிக் கோத்த சரமாக வெளியே இழுக்கும் வித்தைக்குக் "கிழக்கிந்திய ஊசி வித்தை" என்றே பெயரிட்டனர். வாயினுள் மணி கோத்த இராமசாமியை நினைவூட்டும் பெயர் அது.

அவ்வூதினியே தம் வாழ்நாளின் கடைசி ஆண்டுகளில், இறந்தாரோடு பேசுவிப்பதாகக் கூறிப் பொருள் பறித்த ஆவியுலக இடையீட்டாளரை ஊர்தோறும் வெளிப்படுத்தினர். 1926-இல் குறிசொல்வோரைத் தடுக்கும் மசோதாவுக்காக அமெரிக்கக் காங்கிரசின் குழுமுன் சாட்சியமும் அளித்தனர். ஏமாற்றும் வழியை நன்கறிந்தவன் ஆதலின், வஞ்சகனை எளிதிற் கண்டுகொள்ளவும் வித்தைக்காரனால் இயலும்.

இனி, இவ்வரலாற்றில் யாவரினும் பெரிய பொய்யைச் சொன்னவர் யார் என்பதைக் காண்போம். கயிற்றை ஆகாயத்தில் எறிந்து, அதன்மேற் சிறுவனை ஏற்றி மறையச் செய்யும் இந்தியக் கயிற்று வித்தையைக் கேள்வியுறாதார் இல்லை. 1890-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் "சிகாகோ டிரிபியூன்" என்னும் அமெரிக்கப் பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது. ஏல் பல்கலைக்கழகத்திற் பயின்ற இருவர் இந்தியாவில் இவ்வித்தையை நேரிற் கண்டனராம். ஒருவர் கண்டதை ஓவியமாக வரைந்தார். அதிற் கயிறும் சிறுவனும் இருந்தனர். மற்றவர் புகைப்படம் எடுத்தார். அதிலோ தரையில் அமர்ந்திருந்த பக்கிரி மட்டுமே இருந்தான். ஆகவே கூட்டம் முழுவதும் மனோவசியத்தில் ஆழ்த்தப்பட்டதென்று அச்செய்தி முடிவு கூறிற்று. அது பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டு உலகெங்கும் பரவியது.

நான்கு திங்கள் கழித்து, அச்செய்தி முழுதும் கற்பனை என்று அப்பத்திரிகையே ஒப்புக்கொண்டது. எழுதியவர் சான் வில்கி என்னும் நிருபர். புகைப்படக்காரருக்கு அவர் இட்ட எஸ். எல்மோர் என்னும் பெயரைச் சேர்த்துப் படித்தால் "மிகுதியாக விற்பாயாக" என்னும் ஆங்கிலத் தொடராகும். மறுப்பைப் படித்தவர் சிலர். செய்தியை நம்பியவர் பல்லாயிரவர். 1934-இல் இலண்டன் வித்தைக்காரர் சங்கத்தினர், இவ்வித்தையைத் திறந்த வெளியிற் செய்துகாட்டுவோர்க்கு ஐந்நூறு கினி பரிசளிப்பதாக அறிவித்தும் அதனைப் பெற்றுச் சென்றவர் இலர்.

கயிற்றின்மேல் ஏறி மறையும் மாயாவியின் உவமை நம் நாட்டில் மிகப் பழையது. சங்கராசாரியர் பிரமசூத்திர பாடியத்தில் அதனை எடுத்தாள்கின்றனர்: கயிற்றில் ஏறுபவனாகத் தோன்றுபவன் வேறு; மெய்யான மாயாவி தரையிலேயே நிற்கின்றான் என்பது அவ்வுவமையின் கருத்து. தத்துவ ஞானி தெளிவு கருதிச் சொன்ன உவமையைப் பத்திரிகை நிருபர் காசு கருதிச் செய்தியாக்கினர். இந்திய வித்தைக்காரன் செய்யாத ஒன்றைச் செய்தானென்று எழுதியவர் பணமும் பெயரும் பெற்றனர். மெய்யாகவே பந்து எறிந்தவரும் வாள் விழுங்கியவரும் வெறுங்கையோடு போயினர்.

இப்பொழுது நாம் தொடங்கிய வினாவிற்கு விடை கூறலாம். கண் ஏமாறுதல் குற்றமன்று. கண்ணை ஏமாற்றுவேன் என்று முன்னரே சொல்லி, அவ்வாறே செய்து, அதற்குரிய கூலியை மட்டும் கேட்பவன் கலைஞன். அவன் காட்சியினின்று மீளும்பொழுது, "நம் கண்ணும் செவியும் இவ்வளவு எளிதிற் பிழைபடுமா!" என்னும் ஐயம் நமக்குள் எழுகிறது. அவ்வையமே அறிவியற் கல்வியின் முதற்பாடம். இஃது வித்தையன்று, தெய்வச் செயல் என்று சொல்லி, நம் அச்சத்தையோ நோயையோ துயரையோ விலையாக்குபவன் வஞ்சகன். அவனிடமிருந்து மீள்வோன் அறிவில் ஒருபடி இறங்கியே மீள்கிறான். விரிப்பின்மேல் உருண்டை மறைந்த வரையில் நாம் மாணாக்கராய் இருந்தோம். தாயத்து வெளிவந்தபின் இரையாயினோம்.

ஊர்சுற்றும் காட்சிக்காரரை இகழ்ந்து நோக்குவதற்கு முன் கோவையார் மற்றொன்றையும் நினைத்தல் வேண்டும். 1883-இல் கோவையிற் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட் இரயில்வேயில் எழுத்து வரைவாளராக இருந்தவர். 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து சலனப்படக் கருவியையும், கிறிஸ்துவின் வாழ்வைக் காட்டும் படம் முதலிய சில சுருள்களையும் வாங்கி, வேலையைத் துறந்து, கூடாரத்தோடு ஊர் ஊராகப் புறப்பட்டனர். திரையில் நிழல்கள் நடமாடியதைக் கண்ட அக்கால மக்களுக்கு அதுவும் செப்பிடுவித்தையாகவே தோன்றியிருக்கும். 1914-இல் அவர் கோவையிற் கட்டிய நிலையான அரங்கிற்கு "வெரைட்டி ஹால்" என்று பெயர் சூட்டினர். அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கும் சாலையில் நம்முள் நடவாதார் யார்? அந்நாடோடிக் கூடாரத்தை வித்தாகக் கொண்டே நம் நகரத்துத் திரைப்படத் தொழில் முளைத்தது.

வின்சென்டைப் போல நிலைபெறும் வாய்ப்பு எல்லோர்க்கும் கிட்டவில்லை. 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், நாடோடிகளாகத் திரிந்த பல கூட்டத்தாரைப் பிறப்பினாலேயே ஐயத்துக்குரியவராக்கிற்று. சென்னை மாகாணம் 1947-இலும், இந்தியா முழுவதும் 1952-இலும் அதனை நீக்கின. சட்டம் நீங்கிய பின்னரும் அவ்வையப் பார்வை நம் கண்ணினின்று முற்றும் நீங்கிற்றென்று சொல்வதற்கில்லை. கழைக்கூத்தாடியின் குழந்தை கயிற்றில் நடந்து முடிந்து தட்டேந்தி வரும்பொழுது, முன்வரிசையிலிருந்து முதலில் நழுவுவோர் பெரும்பாலும் கற்றவரே.

மாணவ நண்பர்களே, அடுத்த தேரோட்டத்தின்போது உடுக்கை ஒலி கேட்டால் சற்று நில்லுங்கள். செப்பைப் பாராமல் கையைப் பாருங்கள். கை மிக விரைந்தால், மற்றக் கை என்ன செய்கிறதென்று பாருங்கள். விடை அகப்படாவிடினும் கேடில்லை. தாயத்து வெளிவருமாயின் அஞ்சாது புன்னகை புரிந்து, வேண்டாவென்று சொல்லுங்கள். யாரும் இரத்தங் கக்கமாட்டார். ஆனால் உருண்டைக்குரிய காசை விரிப்பில் இட்டு வாருங்கள். இராமசாமிக்கு உலகம் வைத்த கடன் இன்னும் தீர்ந்தபாடில்லை.